குருவி பிடிக்கும் குள்ள ஆந்தை

எங்கள் தெரு வேப்பமரத்தில் மாதம் ஒருமுறையாவது ஒரு கலவரம் நடக்கும். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் மைனாக்கள் தொண்டை கிழியக் கத்தும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கிளைக்குக் கிளை குதிக்கும். அணில் வாலை வெட்டி வெட்டிக் கீச்சிடும். இத்தனைக்கும் நடுவே மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு, அரைக்கண் மூடியபடி ஒரு புள்ளி ஆந்தை உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார்: "பாவம் தம்பி, பகல்ல அதுக்குக் கண்ணு தெரியாது. அதான் எல்லாம் சேந்து மிரட்டுதுங்க."

அக்கா மட்டுமா, ஊரே அப்படித்தான் நம்புகிறது. ‘பகல்வெல்லும் கூகையைக் காக்கை’ என்று குறளே சொல்லிவிட்டதே என்பார்கள். குறள் அந்த இடத்தில் காக்கை பகலில் வெல்லும் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆந்தைக்குக் கண் தெரியாது என்பது நாம் சேர்த்துக்கொண்டது. உண்மையில் ஆந்தைக்குப் பகலில் நன்றாகவே கண் தெரியும். தன்னைச் சுற்றிக் கத்துகிற குருவிகளையே பட்டப்பகலில் பிடித்துத் தின்று வயிறு வளர்க்கும் ஆந்தைகளும் உண்டு. அவற்றில் சில நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

கையளவு ஆந்தை ஒன்று ஒரு பறவையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் காணொளி எப்போதாவது வாட்ஸ்அப்பில் சுற்றும். கீழே வரும் பேச்சைப் பார்த்தால் ‘ஆந்தைக் குஞ்சு போல’ என்பார் ஒருவர். ‘ஆந்தை எலிதானே தின்னும்’ என்பார் இன்னொருவர். ‘ராத்திரி தூங்குற குருவியைப் பிடிச்சிருக்கும்’ என்று தீர்ப்புச் சொல்வார் மூன்றாமவர். மூன்றுமே தப்பு. ஏன் தப்பு என்பதைப் பறவையியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

யார் இந்தக் குள்ளர்கள்?

ஆங்கிலத்தில் பிக்மி ஆவ்ல் என்று அழைக்கப்படும் ஒரு பிரிவைத் தமிழில் குள்ள ஆந்தைகள் எனலாம். கிளாசிடியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பேரினம் என்றால் நெருங்கிய சொந்தமுள்ள உயிரினங்களுக்கு அறிவியல் வைத்த ஒரே வீட்டுப் பெயர்.

இந்தக் கட்டுரையில் இரண்டு பேர் அடிக்கடி வருவார்கள். முதலாமவர் யூரேசியக் குள்ள ஆந்தை, ஐரோப்பாவிலேயே மிகச் சிறிய ஆந்தை. நார்வே, ஃபின்லாந்தில் தொடங்கிச் சைபீரியா வரை நீளும் ஊசியிலைக் காடுகளில் வாழ்கிறது. உடல் நீளம் 15 முதல் 19 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 50 முதல் 80 கிராம். பெண்தான் பெரிது. இரண்டாமவர் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைக்காடுகளில் இருக்கும் வடக்குக் குள்ள ஆந்தை. இதுவும் 60, 70 கிராம்தான். நம் வீட்டு மொட்டைமாடியில் சோற்றுப்பருக்கை பொறுக்கும் மைனா இவை இரண்டையும்விடக் கனமானது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பிற்பாடு வரும் செய்திகளின் கனம் அப்போதுதான் தெரியும்.

1758-ல் ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் யூரேசியக் குள்ள ஆந்தைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ‘சிட்டுக்குருவி போன்றது’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தார். ஜெர்மன்காரர்களும் ஃபின்லாந்துக்காரர்களும் தத்தம் மொழியில் இதைச் சிட்டுக்குருவி ஆந்தை என்றே அழைக்கிறார்கள். பெயர் அதன் உருவத்தைப் பார்த்து வந்தது. அதன் சாப்பாட்டுக்கும் பொருந்திப்போனது தற்செயல்.

ஓர் எச்சரிக்கை. சிறிய ஆந்தைகள் எல்லாமே குருவி பிடிப்பவை அல்ல. உலகின் மிகச் சிறிய ஆந்தையான எல்ஃப் ஆந்தை 40 கிராம் எடையில் அமெரிக்கா, மெக்சிகோ பாலைநிலங்களில் வாழ்கிறது. அதற்கு விட்டில்பூச்சியும் வண்டும் தேளும்தான் உணவு. எங்கள் வேப்பமரத்துப் புள்ளி ஆந்தையும் பெரும்பாலும் பூச்சி தின்னி. இடையிடையே சுண்டெலி, பல்லி. எப்போதாவதுதான் குருவி. தமிழ்நாட்டில் கிளாசிடியம் பேரினத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காட்டு ஆந்தையைத் தேட வேண்டும். உடம்பெல்லாம் நெருக்கமான பட்டைகளோடு, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் காடுகளில் விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். அதுவும் பூச்சியோடு பல்லி, சிறு பறவை என்று கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். இலங்கையின் ஈரவலயக் காடுகளில் மட்டுமே வாழும் செம்முதுகு ஆந்தை இதன் சொந்தக்காரர். பகலிலேயே கண்ணில் படும்.

ஆக, குள்ள ஆந்தைகள் ஒரு தனிப் பிரிவு. அதிலும் வடக்கே, குளிர்க்காடுகளில் வாழ்பவைதான் பறவை வேட்டையில் கைதேர்ந்தவை.

எலி பிடிப்பதும் கோழி பிடிப்பதும்

ஒரு பழைய ஓட்டுவீட்டில் ராத்திரி படுத்திருக்கிறீர்கள். பரணில் எலி ஓடுகிறது. விளக்கைப் போடாமலே எலி எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள். அது உருட்டும், கரண்டும், காகிதத்தைச் சரசரக்க வைக்கும். எலி தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

இப்போது முற்றத்தில் ஒரு கோழியைப் பிடிக்க வேண்டும். துரத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேரே போனால் கிட்டாது. கோழிக்கு இரண்டு பக்கமும் கண். நீங்கள் ஓரடி எடுத்து வைப்பதற்குள் அது பத்தடி போயிருக்கும். பிடிக்க வேண்டுமானால் அது தீனியில் மும்முரமாக இருக்கும்போது மறைவிலிருந்து ஒரே எட்டில் அமுக்க வேண்டும். முதல் பிடி தவறினால் அன்றைக்குக் குழம்பு கிடையாது.

ஆந்தைகளுக்கும் இதே கதைதான். எலி தின்னும் ஆந்தைக்கு இரை தரையில், இருட்டில், சத்தம் போட்டுக்கொண்டு நடமாடுகிறது. காது இருந்தால் போதும். குருவி அப்படியில்லை. ராத்திரியில் இலைக்குள் அசையாமல் தூங்கும் குருவி ஒரு சத்தமும் போடாது. காது எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை. பகலில் குருவி கத்தும், பறக்கும், கிளை மாறும். அப்போது பிடிக்கக் கண் வேண்டும், வெளிச்சம் வேண்டும், வேகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பார்ப்பதற்கு முன்பே பாய்ந்துவிட வேண்டும்.

குள்ள ஆந்தையைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்பேன். எதைத் தின்கிறது என்பதுதான் எப்போது, எப்படி வேட்டையாடுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ‘ஆந்தை என்றால் ராத்திரி’ என்ற பொதுப்புத்தி இங்கே உதவாது.

அது இழந்தவை

ஆந்தை என்றதும் நாம் அடுக்கும் பெருமைகள் சில உண்டு. இருட்டிலும் இரையைக் கேட்டே பிடிக்கும், ஓசையில்லாமல் பறக்கும் என்பவை அவற்றில் முக்கியமானவை. கூகை எனப்படும் வெண்ணாந்தை இரண்டிலும் மன்னன்.

கூகையின் முகம் இதய வடிவத் தட்டுப் போல இருக்கிறதல்லவா, அதற்கு முகவட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். செறிந்த இறகுகளால் ஆன அந்தக் குழிவு, சாட்டிலைட் டிஷ் போல ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும். அதன் காதுத் துளைகளோ ஒன்று மேலே, ஒன்று கீழே என ஏறுக்குமாறாக அமைந்தவை. கீழிருந்து வரும் ஒலி இரு காதுகளிலும் ஒரே மாதிரி விழாது. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே இரை எவ்வளவு கீழே, எந்தப் பக்கம் என்று மூளை கணக்குப் போட்டுவிடும். அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் கூகையை முழு இருட்டறையில் வைத்துச் சோதித்தார். சருகுக்கு நடுவே காகிதச் சுருளை இழுத்தபோது ஆந்தை வந்து அதையும் அடித்தது. எலி வாசனையோ உடல் சூடோ அதற்குத் தேவைப்படவில்லை, சரசரப்பு மட்டும் போதுமாக இருந்தது. பெய்ன் பிற்பாடு திமிங்கிலங்களின் பாட்டை உலகுக்குக் கேட்கவைத்துப் பெயர் பெற்றார். காது கொடுத்துக் கேட்பதை அவர் ஆந்தையிடமிருந்தே தொடங்கியிருக்கிறார்.

குள்ள ஆந்தையிடம் இந்தக் கருவிகள் சரியாக இல்லை. முகவட்டு பெயருக்குத்தான் இருக்கும். காதுகளில் கூகையின் ஏறுக்குமாறும் கிடையாது. முகத்தைப் பார்த்தால் சற்றே கோபமான சிறு பருந்து போலிருக்கும்.

ஓசையற்ற பறத்தலும் அப்படியே. ராத்திரி ஆந்தைகளின் சிறகில் மூன்று ஏற்பாடுகள் உண்டு: முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற நுனிகள், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மயிர், பின்விளிம்பில் குஞ்சம். இவை காற்று சிறகில் மோதிக் கிழிபடும் ஓசையைத் தணிக்கின்றன. குள்ள ஆந்தையிடம் இவை மிகவும் குறைந்துபோயிருக்கின்றன. அது பறந்தால் சிறகடிப்பு காதில் விழும்.

ஏன் இழந்தது? ஓசையின்மை இரண்டு வகையில் உதவுகிறது. இரைக்குக் கேட்காமல் நெருங்கலாம், பறக்கும்போதே இரையின் சரசரப்பைத் தானும் கேட்டுக்கொண்டிருக்கலாம். கண்ணால் குறிவைத்து ஒரே பாய்ச்சலில் வேலையை முடிக்கும் வேட்டைக்காரனுக்கு இரண்டாவது தேவையே இல்லை. முதலாவதும் பகலில் அவ்வளவு உதவாது. வெளிச்சத்தில் குருவி காதைவிடக் கண்ணைத்தான் நம்புகிறது.

இருப்பதைச் சொல்ல வேண்டுமே. குட்டையான, வட்டமான சிறகு. உடம்புக்குச் சற்று நீளமான வால். நெருக்கமான கிளைகளுக்குள் சட்டென்று திரும்ப இந்த இரண்டும் வேண்டும். சிறு பறவைகளை வேட்டையாடும் நம் ஊர் வைரிப் பருந்தின் உடலமைப்பைக் கவனித்திருந்தால் பொறி தட்டும், அதே சிறகு, அதே வால். இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. ஒரே தொழில் இருவருக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்திருக்கிறது. என்னைக் கேட்டால், குள்ள ஆந்தையை ‘சின்ன ஆந்தை’ என்று நினைப்பதைவிட ‘ஆந்தை வேடம் போட்ட வைரி’ என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு பாய்ச்சல் எப்படி நடக்கிறது

குள்ள ஆந்தை வானத்தில் வட்டமிட்டு இரை தேடாது. அதன் முறைக்குப் பதியிருத்தல் என்று பெயர் சொல்லலாம். ஒரு கிளையில் உட்கார்ந்து காத்திருப்பது, கிடைத்தால் பாய்வது, கிடைக்காவிட்டால் அடுத்த மரத்துக்கு நகர்ந்து மறுபடி காத்திருப்பது. யூரேசியக் குள்ள ஆந்தை பெரும்பாலும் விடிகாலையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும், குளிர்காலத்தில் பகலிலும் வேட்டையாடும். வடக்குக் குள்ள ஆந்தை விடியலிலிருந்து பொழுது சாயும்வரை எந்நேரமும் தொழிலில் இருக்கும்.

விடியலுக்கு ஒரு தனி வசதி உண்டு. நீண்ட குளிர்கால இரவு முழுக்கப் பட்டினி கிடந்த சிறு பறவைகள் வெளிச்சம் வந்ததும் தீனிக்குப் பறக்கின்றன. பசியில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கொஞ்சம் குறைவுதான். வெளிச்சமும் அரைகுறை. பெரிய கண் உள்ளவருக்கு அந்த நேரம் சாதகம்.

ஆந்தையின் கண் நம்முடையது போல உருண்டையானது அல்ல, குழாய் போல நீண்டது. குழிக்குள் இறுகிப் பொருந்தியிருப்பதால் அதை உருட்ட முடியாது. அதனால்தான் ஆந்தை தலையையே திருப்புகிறது, ஏறத்தாழ 270 பாகை வரை. இரண்டு கண்ணும் முன்னோக்கி இருப்பதன் பயன் தூரத்தை அளப்பது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், இரண்டு கண்ணின் அருமை விளங்கும். பாய்வதற்கு முன் ஆந்தை தலையை மேலும் கீழும், இடமும் வலமும் ஆட்டுவதும் இதற்காகத்தான். தலை நகரும்போது அருகிலிருக்கும் பொருள் அதிகமாகவும் தொலைவிலிருப்பது குறைவாகவும் இடம் மாறித் தெரியும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மைல்கல் பறந்துபோகும், தூரத்து மலை கூடவே வருமே, அதுதான்.

அளந்து முடித்ததும் பாய்ச்சல். சிறகை வேகமாக அடித்து, மரங்கொத்தி போல ஏற்ற இறக்கமாகப் பறந்து, கடைசி நொடியில் காலை முன்னே நீட்டும். ஆந்தையின் காலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிவிரலை முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு முன்னே, இரண்டு பின்னே என்று விரித்தால் நாலு பக்கமும் சம இடைவெளியில் நகங்கள் நிற்கும். பிடி நழுவாது. நகத்தால் இறுக்கி, அலகால் பிடரியைக் கடித்து முடித்துவிடும். பிறகு ஒரு கிளையில் வைத்து இறகைப் பிய்க்கும் வேலை. காட்டில் ஒரு கிளைக்குக் கீழே பஞ்சு பறந்தாற்போல் சிறு இறகுகள் சிதறிக் கிடந்தால் மேலே யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இதில் என்னை அசரவைப்பது அதன் துணிச்சல். வடக்குக் குள்ள ஆந்தை சிக்கடீ போன்ற 10, 12 கிராம் குருவிகளோடு நிற்பதில்லை. ஃப்ளிக்கர் என்ற மரங்கொத்தி, காடை இனப் பறவைகள் எனத் தன் எடையைப் போல இரு மடங்குக்கும் மேலானவற்றையும் அடித்திருக்கிறது. அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. நகத்தை ஊன்றிக்கொண்டு தரையிலேயே போராட வேண்டியதுதான். வீட்டுத் தோட்டங்களில் குருவிகளுக்குத் தீனி வைக்கும் தட்டுகளுக்கு அருகே இது காத்திருப்பதும் உண்டு. தீனி வைத்தவர்களுக்கு அது பெரிய மனக்கஷ்டம். ஆந்தைக்கு அதுவும் ஒரு தீனித் தட்டுதான்.

சிறியதைக் கண்டால் ஏன் அதிக பயம்?

பெரிய ஆந்தையைக் கண்டால்தானே குருவி அதிகம் பயப்பட வேண்டும்? நம் கணக்கு அப்படித்தான் போகும். குருவியின் கணக்கு வேறு.

வட அமெரிக்காவின் கிரேட் ஹார்ன்ட் ஆவ்ல் என்னும் பெரிய கொம்பன் ஆந்தை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். சிக்கடீ அதற்கு ஒரு வாய்க்குப் பத்தாது. துரத்தினாலும் கிளை இடுக்குகளில் அந்த உடம்போடு திரும்ப முடியாது. சந்துக்குள் ஓடும் சைக்கிளை லாரி துரத்துவது போல. குள்ள ஆந்தையோ சந்துக்குள் நுழையும் மோட்டார்சைக்கிள்.

இதைக் குருவிகள் அறிந்துவைத்திருக்கின்றன என்பதைக் காட்டிய ஆய்வு 2005-ல் சயன்ஸ் இதழில் வந்தது. கிறிஸ்டோபர் டெம்பிள்டன், எரிக் கிரீன், கேட் டேவிஸ் மூவரும் கருந்தலைச் சிக்கடீகளுக்கு உயிருள்ள பல வேட்டை விலங்குகளையும் பறவைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். சிக்கடீயின் பெயரே அதன் எச்சரிக்கைக் குரலிலிருந்து வந்ததுதான்: ‘சிக்-அ-டீ-டீ-டீ’. கடைசி ‘டீ’யின் எண்ணிக்கையில்தான் சங்கதி இருந்தது. பெரிய கொம்பன் ஆந்தையைக் கண்டபோது டீ குறைவு. குள்ள ஆந்தையைக் கண்டபோது டீ அதிகம். வந்திருப்பவன் எவ்வளவு சிறியவனோ, எவ்வளவு ஆபத்தானவனோ, அவ்வளவு டீ. டெம்பிள்டனும் கிரீனும் 2007-ல் இன்னொன்றையும் காட்டினார்கள். அதே காட்டில் வாழும் நட்ஹாட்ச் என்ற வேறு இனப் பறவை, சிக்கடீயின் குரலை ஒட்டுக்கேட்டே பெரிய ஆந்தையா சின்ன ஆந்தையா என்று தெரிந்துகொள்கிறது. கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை.

இப்போது வேப்பமரத்துக் கலவரத்துக்குத் திரும்புவோம். சிறு பறவைகள் சேர்ந்து ஒரு வேட்டைப் பறவையைச் சூழ்ந்து கத்தி, சீண்டி, விரட்டுவதற்குக் கூடி விரட்டல் என்று பெயர். இதை ‘குருடனைக் கும்பலாக மிரட்டுவது’ என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஒளிந்திருந்து பாய்வதை நம்பிப் பிழைக்கும் வேட்டைக்காரனுக்கு, ‘உன்னைப் பார்த்துவிட்டோம், உன் இடம் ஊருக்கே தெரியும்’ என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. திருடன் ஒளிந்திருக்கும் புதருக்கு முன்னால் நின்று தெருவே கூச்சல் போட்டால் அவன் அன்றைக்குத் திருட முடியுமா? அந்தச் சத்தமும் அதற்கேற்றது. கரகரப்பாக, திரும்பத் திரும்ப, எங்கிருந்து வருகிறது என்று எளிதில் கண்டுபிடிக்கும்படி இருக்கும். கூட்டம் சேர வேண்டுமே. இதற்கு நேர்மாறாக, வைரி பறந்து வரும்போது பல குருவிகள் எழுப்பும் குரல் கம்பிபோல் மெல்லிதாக, இடம் பிடிபடாததாக இருக்கும். அங்கே கூட்டம் சேரக் கூடாது, எல்லோரும் பதுங்க வேண்டும்.

சுருக்கமாக: உட்கார்ந்திருக்கும் ஆந்தையைக் குருவிகள் சூழ்வது அது கையாலாகாதது என்பதால் அல்ல. அது ஆபத்தானது, ஆனால் மறைவை இழந்தால் வேட்டையை இழக்கும் என்பதால்.

இமயமலைப் பக்கம் பறவை பார்க்கப் போனவர்கள் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வருவார்கள். அங்கே கழுத்துப்பட்டை ஆந்தை என்று 15 சென்டிமீட்டர் ஆள் ஒருவர் உண்டு. பகலிலேயே குருவி பிடிப்பவர். அவருடைய விசிலைப் போலச் சீட்டியடித்தால் சுற்றுவட்டாரத்துச் சிறு பறவைகளெல்லாம் விரட்ட வந்துவிடும், கேமராக்காரர் வரிசையாகச் சுட்டுத் தள்ளுவார். ஒருமுறை செய்தால் வேடிக்கை. நாளெல்லாம் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இல்லாத எதிரியைத் தேடி அலையும் குருவி அந்த நேரத்தில் தின்ன முடியாது.

பின்மண்டையில் இரண்டு கண்

கூடி விரட்டல் ஆந்தைக்கு வெறும் தொல்லை மட்டுமில்லை. குருவி பின்னாலிருந்து வந்து கொத்தும், சில சமயம் உறைக்கும்படியே கொத்தும். உருவம் சின்னது என்பதால் அடி பலமாக விழும்.

குள்ள ஆந்தைகள் பலவற்றின் பிடரியில் வெண்மை சூழ்ந்த இரண்டு கரும்புள்ளிகள் உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் இன்னொரு முகம் நம்மை முறைப்பது போலவே இருக்கும். இவற்றைப் பொய்க்கண் என்போம். கழுத்துப்பட்டை ஆந்தைக்கும் உண்டு. தலையை முழுக்கத் திருப்பியிருக்கிறதா, இல்லையா என்று படம் பார்ப்பவர்களே குழம்புவார்கள்.

இந்தப் புள்ளி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க மரத்தில் செதுக்கிய பொம்மை ஆந்தைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பொம்மைக்குப் பொய்க்கண் வரைந்தார்கள், இன்னொன்றுக்கு வரையவில்லை. 2003-ல் வெளியான அந்த ஆய்வில், பொய்க்கண் இருந்த பொம்மையின் பின்பக்கத்தை நெருங்கக் குருவிகள் தயங்கின. திருஷ்டிப் பொம்மையைக் கட்டிடத்துக்கு முன்னால் கட்டுகிறோம். ஆந்தைக்கு அது பிறப்பிலேயே பின்னால் கட்டியிருக்கிறது, நம்முடையதைவிட நிரூபணமும் கூடுதல்.

ஃபின்லாந்தின் குளிர்பெட்டி

கடைசியாக, பிடித்ததை என்ன செய்கிறது என்ற கேள்வி. பெரும்பாலும் உடனே தின்றுவிடும். வடக்கே இருக்கும் யூரேசியக் குள்ள ஆந்தைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு.

ஃபின்லாந்தில் நவம்பர் வந்தால் பகல் சுருங்கிவிடும், பனி தரையை மூடிவிடும். அங்கத்திய ஆந்தைகளின் முக்கிய இரை வோல் என்ற குட்டைவால் எலி. பனி மூடியதும் அது அடியில் சுரங்கம் போட்டுத் திரியும். கூர்மையான காது உள்ள ஆந்தைகள் பனிக்கு மேலிருந்தே அதைக் கேட்டுப் பாயும். குள்ள ஆந்தைக்கு அந்தக் காது இல்லை என்று மேலே பார்த்தோம். ஆகவே தரை தெரியும்போதே பிடித்துச் சேர்த்துவைக்கிறது. வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கும் இலையுதிர்கால இறுதியில், மரங்கொத்தி விட்டுப்போன பொந்துகளிலும் மனிதர்கள் மாட்டிவைத்த கூட்டுப் பெட்டிகளிலும் இரையை அடுக்கத் தொடங்கும். ஒரே பெட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்ததுண்டு. நம் பாட்டிமார் மழைக்காலத்துக்கு முன் வடகமும் வற்றலும் போட்டு வைத்தது போல. இங்கே வெயிலுக்குப் பதில் உறைபனி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அந்த வருஷத்து எலிகளைப் பொறுத்தது. வோல்கள் அங்கே ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருகி, பிறகு சட்டென்று அற்றுப்போகும். பெருகிய ஆண்டில் பெட்டி நிறைய எலி. அற்றுப்போன ஆண்டில் பட்டாணிக்குருவியின் சொந்தக்காரர்களான சிறு குருவிகள் அதிகம் இருக்கும். குருவி வேட்டை இந்த ஆந்தைக்கு வருஷாவருஷம் ஒரே அளவில் நடப்பதல்ல என்பதை இந்தப் பெட்டிகள்தான் சொல்லிக்கொடுத்தன. ‘இது குருவி தின்னியா, எலி தின்னியா’ என்று கேட்பவரிடம் ‘எந்த வருஷத்தைக் கேட்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மேற்கு ஃபின்லாந்தின் கவ்ஹாவா பகுதியில் எர்க்கி கோர்பிமாக்கியின் ஆய்வுக் குழு இந்தப் பெட்டிகளை ஆண்டுதோறும் திறந்து எண்ணி வந்தது. 2003 முதல் 2018 வரையிலான கணக்கை ஜூலியா மசோவேரோவும் அக்குழுவினரும் 2020-ல் வெளியிட்டார்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை மழைநாள் கூடிய ஆண்டுகளில் பெட்டிக்குள் இருந்தவை அதிகம் அழுகியிருந்தன. பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்தால் குளிர்பெட்டிக்குக் கரண்ட் போன மாதிரிதான். அழுகிய சேமிப்போடு குளிர்காலத்துக்குள் நுழைந்த பெண் ஆந்தைகள் பிற்பாடு அதே காட்டில் ஆய்வாளர்களின் கையில் மறுபடி சிக்கியது குறைவு. அவை இறந்திருக்கலாம், இடம் மாறிப் போயிருக்கலாம்.